டாக்டர் வேலையை நர்ஸ் பார்த்தால் எத்தனை நர்ஸ் வேண்டும்?

ஒரு பிரசவ அறை. இரவு பகல் பாராமல் ஆண்டு முழுக்க அங்கே ஒரு செவிலியர் இருந்தாக வேண்டும். எத்தனை பேரை நியமிப்பீர்கள்? யாரைக் கேட்டாலும் சட்டென்று மூன்று என்பார்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட், மூன்று ஷிஃப்ட், மூன்று பேர். சரியாகத்தான் தோன்றும்.

கணக்குப் போட்டால் இடிக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வார ஓய்வு, அரசு விடுமுறை, தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, பயிற்சி நாள் எல்லாம் கழித்தால் ஒருவர் வேலைக்கு வரக்கூடியது ஏறக்குறைய 250 நாள், அதாவது 2,000 மணி நேரம். 8,760ஐ 2,000ஆல் வகுத்தால் 4.4 வருகிறது. நாலு பேர் இருந்தாலும் போதாது.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வழி செய்தபோது, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்றுதான் போட்டார்கள். அதற்கு முன்பு சாயங்காலம் ஆனால் பூட்டிவிடும் கட்டடங்கள் அவை. ராத்திரி வலி எடுத்தால் வண்டி பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். மூன்று செவிலியர் வந்ததும் உள்ளூரிலேயே பிரசவம் நடந்தது. கிராமத்துப் பெண்களுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவர் தன் சொந்தப் பிரசவத்துக்கு விடுப்பில் போனால்? மற்ற இருவருக்கும் 12 மணி நேரம் 12 மணி நேரமாக முறை மாறும். கணக்கில் இடம் கொடுக்காத அந்த 1.4 ஆளின் வேலையை, இருப்பவர்கள் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துச் செய்தார்கள்.

சுகப்பிரசவத்தை டாக்டர் கையிலிருந்து செவிலியர் கைக்குத் தருவதைத்தான் பொது சுகாதாரத்தில் பணிப் பகிர்வு என்கிறார்கள். அதிகம் படித்தவர் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை, குறைந்த காலம் பயிற்சி பெற்றவர் தகுந்த மேற்பார்வையில் செய்வது. டாக்டர் இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது என்றுதான் நானும் நினைக்கிறேன். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு நம்பிக்கையைத்தான் ஏற்க முடியவில்லை: வேலையைப் பகிர்ந்துவிட்டால் ஆள் தேவை குறைந்துவிடும், செலவும் மிச்சம் என்பது. பகிர்ந்த இடங்களில் நடந்தது வேறு.

உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட ஆண்டறிக்கை, 57 நாடுகளில் சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை நெருக்கடி நிலையில் இருப்பதாகச் சொன்னது. உலகளவில் தேவைப்பட்ட கூடுதல் ஆட்கள் 43 லட்சம். எச்.ஐ.வி.க்கு மருந்து வந்துவிட்டது, எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்று ஆப்பிரிக்கா தவித்த நேரம் அது. 2008 ஜனவரியில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கூடி, எந்த வேலையை யார் செய்யலாம் என்று 22 பரிந்துரைகளை வெளியிட்டார்கள். அன்றைக்கு அதற்கு வைத்த பெயர் பணி மாற்றம். வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விடுகிறது, முதல் கை ஓய்வெடுக்கிறது என்ற படம் அந்தச் சொல்லில் இருந்தது. பிற்பாடு பகிர்வு என்ற சொல் பரவலானது. நடைமுறையைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது சொல்தான் பொருத்தமாகப் பட்டிருக்கும்.

இந்தப் பரிந்துரைகளுக்கு முன்பே, காகிதம் எதையும் எதிர்பார்க்காமல் செய்து காட்டிய நாடு மொசாம்பிக். 1975இல் போர்த்துகீசியரிடமிருந்து விடுதலை வந்தது. கூடவே பெரும்பாலான மருத்துவர்கள் கப்பலும் விமானமும் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டே ஆண்டில் உள்நாட்டுப் போர். குண்டடி பட்டவர்கள் ஒரு பக்கம், சிக்கலான பிரசவங்கள் ஒரு பக்கம். அறுவை சிகிச்சை நிபுணரை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை யார் பொறுப்பார்கள்? 1984இல் தலைநகர் மபுடோவில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமப்புறத்தில் ஏற்கெனவே வேலை பார்த்த இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களை அழைத்துவந்து மூன்றாண்டுகள் பயிற்சி: இரண்டு ஆண்டு தலைநகரின் பெரிய மருத்துவமனையில், ஓராண்டு மாகாண மருத்துவமனையில். முடித்தவர்கள் சிசேரியன் செய்வார்கள், குடலிறக்கத்தைச் சரிசெய்வார்கள், காயம்பட்ட வயிற்றைத் திறந்து தைப்பார்கள். அங்கே அவர்களுக்கு ‘டெக்னிகோ’ என்று பெயர்.

டாக்டர் பட்டம் இல்லாதவர் வயிற்றைக் கிழிப்பதா என்று எந்த ஊரிலும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டெக்னிகோக்கள் செய்த 958 சிசேரியன்களையும் நிபுணர்கள் செய்த 1,113 சிசேரியன்களையும் ஒப்பிட்டு 1996இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. 2007இல் வந்த இன்னோர் ஆய்வின்படி மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவை சிகிச்சைகளில் 92 சதவீதத்தைச் செய்தவர்கள் இவர்களே. செலவும் குறைவு: பயிற்சி, சம்பளம் எல்லாம் சேர்த்து ஓர் அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ 39 டாலர். நிபுணர் என்றால் 144 டாலர்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு எண். ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது டெக்னிகோக்களில் 88 சதவீதம் பேர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அதே காலத்தில் அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆள் தேவை என்பதைத் தலைகளை எண்ணிக் கணக்கிடுவதில் உள்ள ஓட்டை இங்கே தெரிகிறது. இரண்டு ஆண்டில் கிளம்பிவிடுகிற ஐந்து பேரைவிட, இருபது ஆண்டு இருக்கிற ஒருவர் மாவட்டத்துக்கு அதிக மணி நேரம் தருகிறார். ஏன் தங்கினார்கள் என்று கேட்டால் அதில் சேவை மனப்பான்மையும் உண்டு, இன்னொன்றும் உண்டு. அவர்கள் கையிலிருந்த சான்றிதழ் நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. போக வழியில்லாதவர் தங்குவதை விசுவாசம் என்று பாராட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. வேலை நிபுணருடையது, சம்பளம் இடைநிலைப் பணியாளருடையது என்ற மனக்குறை அவர்களுக்கு நெடுநாள் இருந்தது. பின்னாளில் அந்தப் படிப்பைப் பட்டமாக உயர்த்த வேண்டியிருந்தது.

சரி, மொசாம்பிக்குக்கு நிபுணர் தேவை குறைந்ததா? கத்தி பிடிக்க ஒருவர் வந்துவிட்டால் போதாது. மயக்க மருந்து கொடுக்க ஓர் ஆள், கருவி எடுத்துக்கொடுக்க ஒரு நர்ஸ், ரத்தம் பொருத்திப் பார்க்க ஒரு லேப் ஆள். மாவட்டத்தில் அறுவை சிகிச்சையே நடக்காத காலத்தில் இந்த இடங்கள் எதுவும் தேவைப்படவில்லை. டெக்னிகோ வந்த பிறகுதான் தேவைப்பட்டன. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் தவறினால் திருத்தவும் நிபுணர் வேண்டும். நோயாளியைத் தொடும் நிபுணர் வேலை குறைந்து, பணியாளரைப் பார்க்கும் நிபுணர் வேலை கூடியது.

பக்கத்து நாடான மலாவியிலும் இதே கதைதான், ஒரு முக்கியமான சேர்க்கையோடு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 2,131 அவசர மகப்பேறு அறுவை சிகிச்சைகளில் 1,875ஐச் செய்தவர்கள் மருத்துவப் பட்டம் இல்லாத கிளினிக்கல் ஆபீசர்கள். 2004இல் எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சையை நாடு முழுக்க இலவசமாக விரித்தபோது, முதலில் சிகிச்சையையே எளிமையாக்கினார்கள். எல்லாருக்கும் ஒரே முதல் வரிசை மருந்து, மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில். ரத்த அணு எண்ணிக்கை பார்க்க இயந்திரம் இல்லாவிட்டால் உடல் அறிகுறியை வைத்தே தொடங்கலாம். எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் பதிவேடு. மூன்று மாதத்துக்கொரு முறை மேற்பார்வைக் குழு வந்து பதிவேட்டைப் புரட்டும். இத்தனையும் செய்த பிறகுதான் கிளினிக்கல் ஆபீசரும், பின்னர் நர்ஸும் மருந்து தொடங்கும் உரிமை பெற்றார்கள். சிக்கலான வேலையை அப்படியே தூக்கிக் கீழே உள்ளவர் தலையில் வைத்ததில்லை. நம் பக்கத்தில் பணிப் பகிர்வு என்று பேசுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது எண்ணிப் பார்க்கும் முறைக்கு வருவோம். மக்கள்தொகையைக் கொண்டு பணியிடம் நிர்ணயிப்பது பழைய வழக்கம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அப்படி வந்ததுதான். அந்த 5,000 பேருக்கு என்னென்ன செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்பது அதில் வராது. இதற்கு மாற்றாக உலக சுகாதார அமைப்பு ஒரு வழிமுறையை வைத்திருக்கிறது. பணிச்சுமையைக் கொண்டு ஆள் தேவையைக் காண்பது. 1998இல் முதல் கையேடும் 2010இல் திருத்திய பதிப்பும் வந்தன. பெயர்தான் நீளம், உள்ளே இருப்பது நாலாம் வகுப்புக் கணக்கு. ஒருவர் ஆண்டில் உண்மையாக வேலை செய்யக்கூடிய நேரம் எவ்வளவு, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய எத்தனை நிமிடம், அப்படி எத்தனை வேலை. பதிவேடு எழுதுவது, கூட்டத்துக்குப் போவது போன்றவற்றுக்குத் தனி ஒதுக்கீடு. முதலில் போட்ட 4.4 இந்த வழியில் வந்ததுதான்.

பணிப் பகிர்வை இதில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை, எந்த ஊரின் கணக்கும் இல்லை. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் 600 பேர் பி.பி., சுகர் மாத்திரைக்கு வருகிறார்கள். டாக்டர் ஆளுக்கு 8 நிமிடம் பார்த்தால் 80 மணி நேரம். இப்போது கட்டுக்குள் இருக்கும் 450 பேரை நர்ஸிடம் விடுகிறோம். நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டதால் டாக்டர் நேரத்திலும் முக்கால்வாசி மிச்சம் என்று தோன்றும். ஆனால் மிஞ்சிய 150 பேரும் சிக்கலானவர்கள்: சிறுநீரகம் பழுதானவர், காலில் புண் ஆறாதவர். இவர்களுக்கு 8 நிமிடம் போதாது, 12 ஆகும். அது 30 மணி நேரம். நர்ஸ் எழுதியதைச் சரிபார்க்கவும், சந்தேகம் என்று கூப்பிட்டால் போய்ப் பார்க்கவும் ஒரு 10 மணி நேரம். ஆக 40. பாதிதான் மிச்சம்.

நர்ஸ் பக்கம் பாருங்கள். சாப்பாடு பற்றிப் பேசி, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டு, அட்டையில் எழுத ஆளுக்கு 12 நிமிடம் என்றால் 450 பேருக்கு 90 மணி நேரம். ஒரு நர்ஸின் மாத வேலை நேரம் ஏறக்குறைய 165 மணி. அதில் பாதிக்கு மேல் போயிற்று. முன்பு மொத்தம் 80 மணி நேரமாக இருந்த வேலை இப்போது 130. கெட்டுப்போனதால் கூடவில்லை, யாரும் முன்பு பேசாத சாப்பாட்டையும் உப்பையும் பற்றி யாரோ உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதால் கூடியது.

அப்புறம் ஊருக்குள் செய்தி பரவும். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி. பார்ப்பார்கள். 600 பேர் 900 ஆவார்கள். அதே விகிதத்தில் பிரித்தால் நர்ஸுக்கு 135 மணி நேரம், டாக்டருக்கு 60. டாக்டருக்கு மிச்சமான 40இல் 20 திரும்பிவிட்டது. நர்ஸோ இந்த ஒரு வேலைக்கே ஏறக்குறைய முழு ஆளாக வேண்டும், ஊசி போட வேறு ஆள் பார்க்க வேண்டும்.

இது காகிதக் கணக்கு மட்டும்தானா என்று கேட்டால், திண்டுக்கல் மாவட்டத்துக்குப் போகலாம். 2000ஆம் ஆண்டில் அங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. லேப், நுண்ணோக்கி எதுவும் தேவைப்படாத முறை: காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். சந்தேகமிருந்தால் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, சதை எடுத்து, தேவையானவர்களுக்கு, பாதித்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் உறைகுளிர் சிகிச்சையும் அவர்களே செய்தார்கள். 31,000க்கு மேற்பட்ட பெண்கள் பரிசோதித்துக்கொண்டார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால் அந்தப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே ஆய்வை ஆள் கணக்கோடு படித்தால் இன்னொன்று தெரியும். பார்த்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் படலம் தெரிந்தது, அதாவது 3,000 பேர். அவர்களுக்கு அடுத்தகட்டப் பரிசோதனை. அதில் 2,500 பேருக்குச் சதைப் பரிசோதனை. அந்த ஒவ்வொரு துணுக்கையும் நுண்ணோக்கியில் பார்க்க நோய்க்குறியியல் மருத்துவர் வேண்டும். புற்று என்று வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் வேண்டும். ஒரு நிமிடப் பார்வையைச் செவிலியருக்குக் கொடுத்ததும், அதுவரை வீட்டுக்குள் தெரியாமல் கிடந்த நோய் வெளியே வந்து மருத்துவர் கதவைத் தட்டியது. இதுதான் பணிப் பகிர்வின் வெற்றி. மருத்துவர் தேவையைக் குறைக்கத்தான் செய்கிறோம் என்று நினைத்து இறங்கியவருக்கு மட்டும் ஏமாற்றம்.

தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் தேனி, தஞ்சாவூரில் இதே பரிசோதனையையும், விருதுநகர், சிவகங்கையில் ரத்த அழுத்தப் பரிசோதனையையும் முன்னோட்டமாகச் செய்துவிட்டு மாநிலம் முழுக்க விரித்தபோது, தொற்றா நோய்களுக்கென்று தனி ஸ்டாஃப் நர்ஸைப் போட்டார்கள். வேலையோடு சேர்த்து ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். ஒப்பந்த நாற்காலிதான், ஆனாலும் நாற்காலி.

அந்த நாற்காலி கிடைக்காதவர் கிராம சுகாதார செவிலியர். அவர் பதவியே ஒரு பணிப் பகிர்வில் பிறந்தது. முன்பெல்லாம் மலேரியாவுக்கு ஒருவர் வருவார், சுவரில் கட்டம் போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போவார். அம்மை குத்த இன்னொருவர். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வேறொருவர். ஒரே வீட்டுத் திண்ணைக்கு இத்தனை பேர் எதற்கு என்று 1973இல் கர்த்தார் சிங் குழு எல்லாரையும் பல்நோக்குப் பணியாளராக இணைக்கச் சொன்னது. ஒரு துணை நிலையத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண். அவர்களுக்கு 3,000 முதல் 3,500 வரை மக்கள். நடைமுறையில் மக்கள் எண்ணிக்கை 5,000 ஆனது. ஆண் பணியிடம் பல இடங்களில் தேய்ந்தது. அந்தப் பெண்ணின் கையில் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம், இரும்புச்சத்து மாத்திரை, காய்ச்சல் கணக்கெடுப்பு, கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் பிக்மி இணையதளப் பதிவு, கொரோனா வந்தபோது அதுவும் என்று சேர்ந்துகொண்டே போனது. பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறியதால் அவர் பெற்றிருந்த பிரசவப் பயிற்சிக்கு வேலை இல்லாமல் போனது. அந்த நேரம் கம்ப்யூட்டர் பதிவுக்குப் போனது. இவரைப் பற்றிய ஆணைகளில் சேர்க்கப்பட்டது என்ற சொல்தான் வரும், நீக்கப்பட்டது என்பது வராது.

வேலையைக் கீழே இறக்குவது இப்படிச் சுலபமாக நடக்க, உரிமையை இறக்குவது மட்டும் நம் நாட்டில் மல்லுக்கட்டு. 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு எண்ணியபோது நாட்டிலிருந்த 47,500 மருத்துவர்களில் 30,000 பேர் குறுகிய காலப் படிப்பு படித்த எல்.எம்.பி.க்கள். ராயபுரத்தில் இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக இருப்பது 1938 வரை அப்படிப்பட்டவர்களை உருவாக்கிய பள்ளி. இனி ஒரே வகை டாக்டர் போதும் என்று குழு முடிவெடுத்தது, உறுப்பினர் ஆறு பேர் மறுத்து எழுதியும். கிராம டாக்டர் என்ற படி அதோடு உடைந்தது. சத்தீஸ்கர் 2001இல் மூன்றாண்டுப் படிப்பைக் கொண்டுவந்து எதிர்ப்பில் நிறுத்தியது. படித்து முடித்தவர்களை ஆய்வு செய்தபோது ஆரம்ப சிகிச்சையில் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு இணையாக இருந்தார்கள். அஸ்ஸாம் 2004இல் சட்டமே போட்டது. மத்தியச் சட்டத்துக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் ஏற்கெனவே படித்தவர்கள் வேறு பெயரில், குறைந்த அதிகாரத்தோடு வேலையில் தொடர அனுமதித்தது. வேலை தேவைப்படுகிறது, பெயர்தான் உறுத்துகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் பி.பி. பார்க்கிறார்கள், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட வேண்டியிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இவர்களுக்குப் பெயர் தன்னார்வலர். கிடைப்பது ஊக்கத்தொகை.

பணியாளர் நிலவரம் என்று சட்டசபையிலோ ஆர்.டி.ஐ. பதிலிலோ வரும் பட்டியலில் மூன்று எண்கள் இருக்கும்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலியிடம். ஒரு துணை நிலையத்துக்கு ஒன்று, ஒன்று, பூஜ்யம் என்று இருந்தால் குறை எதுவும் தெரியாது. அந்த ஒருவர் தலையில் இருப்பது எத்தனை ஆள் வேலை என்று சொல்ல அதில் நாலாவது எண் இல்லை. தன்னார்வலர்களோ அந்த மூன்று எண்களிலும் இல்லை. அவர்கள் நடந்து தீர்க்கும் மணி நேரத்தை எண்ணினால் எத்தனை பணியிடம் வரும் என்று பார்க்க ஒரு கால்குலேட்டரும் ஒரு மாதப் பதிவேடும் போதும்.